சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு செடி அறிவியல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விதை, வேர், இலை, பூ, காய் ஆகியவற்றைக் கையால் தொட்டுச் செய்து பார்க்கும் பாடங்களாக நடத்தும்போது எழும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் இருக்கும் வசதி, மளிகைக் கடையில் கிடைக்கும் பொருள், பள்ளிச் சுவரோரம் தானாக முளைத்திருக்கும் செடி ஆகியவற்றை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

என் வகுப்பில் முப்பது பேருக்கு மேல். அதில் இரண்டு மூன்று பேருக்குச் சிறப்புத் தேவை. அவர்களுக்கென்று தனிச் செயல்பாடு தயாரிக்க வேண்டுமா?

வேண்டாம். கேள்வியை எல்லோருக்கும் ஒன்றாகவே வையுங்கள். அதற்கு விடை தேடும் வழியை மட்டும் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றுங்கள். "விதை முளைக்கத் தண்ணீர் வேண்டுமா?" என்பது கேள்வி என்றால், ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துச் சொல்லும், ஒரு பிள்ளை விரலால் தடவிச் சொல்லும், இன்னொரு பிள்ளை இரண்டு படங்களில் ஒன்றைக் காட்டும். மூன்றும் ஒரே விசாரணைதான்.

மற்றவர்கள் விதை போடும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் செடிப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பதை நிறைய வகுப்புகளில் பார்க்கிறோம். பிள்ளை அமைதியாக இருக்கும், ஆசிரியருக்கும் அன்றைய பொழுது ஓடிவிடும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்று அறிவியல் பாடமே நடக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்திக் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆகவே இது ஆசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமில்லை, பிள்ளையின் உரிமை.

எந்த விதையில் தொடங்கலாம்?

பச்சைப்பயறு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும். காத்திருப்பது கஷ்டமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேகம் முக்கியம். பலரும் கொத்தமல்லியில் தொடங்குவார்கள். அது முளைக்க ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அதற்குள் "நான் போட்ட விதை" என்ற நினைப்பே பிள்ளைக்குப் போய்விடும். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைக்கும், வாசனையும் உண்டு. ஆனால் விதை பொடி. கையில் பிடிப்பதற்குச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அவரை, தட்டைப்பயறு (காராமணி), பூசணி விதை மூன்றும் ஏற்றவை.

இன்னொன்று உண்டு, சப்ஜா விதை. ஃபலூடாவில் போடுவார்களே, அதே திருநீற்றுப்பச்சிலை விதைதான். தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுவழுப்பான உறை உப்பிவரும். தண்ணீர் பட்டால் விதை மாறுகிறது என்பதை ஒரே பாடவேளைக்குள் காட்டிவிடலாம். நாளைக்கு என்றால் என்ன என்று இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

கண் தெரியாத பிள்ளைக்கு முளைப்பதை எப்படிக் காட்டுவது?

காட்டுவதை விட்டுவிட்டு, தொடக் கொடுங்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காய்ந்த பச்சைப்பயறு ஒன்றைப் பிள்ளையின் விரல்நுனியில் வையுங்கள். கல் மாதிரி இருக்கும். ஓரத்தில் ஒரு சிறு தழும்பு நகத்தில் தட்டும். அது விதை காயோடு ஒட்டியிருந்த இடம். அடுத்து ஊறிய பயறு. பெருத்திருக்கும், தோல் வழுக்கும், அழுத்தினால் இரண்டு பருப்பாகப் பிரியும். மூன்றாவது, முளை விட்டது. தழும்பின் பக்கத்திலிருந்து ஈரமான, வளைந்த ஒரு கூர் வெளியே வந்திருக்கும். மூன்றையும் மூன்று கிண்ணங்களில் இடமிருந்து வலமாக வைத்துவிட்டால், எது முதல், எது கடைசி என்று பிள்ளை தானாகவே வரிசை சொல்லும். முளையை விரலால் தொட்டால் ஒடியலாம். ஒடியட்டும். தொடுவதற்கென்றே ஒரு கைப்பிடி கூடுதலாக ஊறப்போடுங்கள்.

உயரம் அளக்க உல்லன் நூல் போதும். செடியின் அடியிலிருந்து நுனிவரை நூலைப் பிடித்து வெட்டி, அட்டையில் தேதி வாரியாகப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். ஒரு வாரம் ஆனதும் அதுவே வரைபடம். கண் தெரியாத பிள்ளை விரலை மேலே ஓட்டி, "திங்கட்கிழமையைவிட புதன்கிழமைதான் வேகமா வளந்திருக்கு" என்று சொல்ல முடியும். கண் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதையே கொடுங்கள். ஸ்கேலில் சென்டிமீட்டர் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடையாது.

இலை நரம்பு பாடத்துக்குக் கிழித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. வாழை இலையை நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கிக் கிழித்தால் நேர்கோடாகக் கிழியும். நரம்புகள் இணையாக ஓடுகின்றன என்பதைக் கையே உணரும். பூவரசு இலையைக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். அதன் பின்பக்கத்தைத் தடவினால் வலைபோல் நரம்புகள் புடைத்திருக்கும். பவளமல்லி இலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கற்பூரவல்லி தடித்து, மெல்லிய ரோமத்தோடு இருக்கும், கசக்கினால் வாசனையே பெயரைச் சொல்லிவிடும். இந்த நான்கையும் துணிப்பையில் போட்டு "எடுத்துச் சொல்" என்று விளையாடினால், வகுப்பில் மற்றவர்கள் திணறும்போது இந்தப் பிள்ளை முதலில் சொல்லிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு சோதனையை மட்டும் அப்படியே தொட்டுச் செய்ய முடியாது. காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மைத் தண்ணீரில் வைத்தால் நிறம் ஏறுவது கண்ணாடி போன்ற தண்டில் தெரியும். அது முழுக்க முழுக்கக் கண்ணுக்கானது. தண்டு வழியாகத் தண்ணீர் ஏறுகிறது என்பதுதானே பாடம்? வாடிய புதினாக் கொத்தைத் தொடச் சொல்லுங்கள், துவண்டு கிடக்கும். அடித்தண்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். மதிய உணவுக்குப் பிறகு திரும்பத் தொட்டால் விறைத்து நிற்கும்.

கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளைக்கு?

வெள்ளை வேரை வெள்ளைப் பஞ்சில் யாராலும் பார்க்க முடியாது. பஞ்சுக்குப் பதில் கறுப்புத் துணி அல்லது கறுப்புச் சார்ட் வையுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வையுங்கள். செடியை மேசையில் வைத்துக் குனியச் சொல்லாமல், கண்ணுக்கு நேராக உயர்த்திக் கொடுங்கள். மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது பல சமயம் பூதக்கண்ணாடியைவிட வசதி.

காது கேளாத பிள்ளைக்குச் செயல்பாடு என்றால் பிரச்சினை இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளும்தானே?

அப்படித்தான் நினைப்போம். கண் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் பார்க்கும். நீங்கள் விதையைக் காட்டிக்கொண்டே பேசினால், கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும். இந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தால் விதை போகும், விதையைப் பார்த்தால் பேச்சு போகும். சைகையிலோ வாய்மொழியிலோ சொல்லி முடியுங்கள். நிறுத்துங்கள். பிறகு செய்யுங்கள். மறுபடி நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்வரை அடுத்ததைச் சொல்லாதீர்கள். வகுப்பின் வேகம் சற்றுக் குறையும். அது எல்லோருக்கும் நல்லது.

முளை, வேர், தண்டு, மொட்டு என்ற சொற்களுக்கான சைகைகளை முந்தின நாளே வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுவதும் அந்தச் சைகைகளைக் கற்றுக்கொள்ளட்டும். பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை மண்ணைத் தொட்டாலே கத்துகிறான். கையைப் பிடித்து மெதுவாகப் பழக்கலாமா?

கூடாது. ஈரமண் அவனுக்கு உண்மையாகவே தாங்க முடியாத உணர்வாக இருக்கலாம். கையைப் பிடித்து அழுத்தினால் மண்ணைவிட உங்களைக் கண்டு பயப்படத் தொடங்குவான்.

தொடாமலே செய்ய நிறைய இருக்கிறது. ஜிப் கவருக்குள் ஈர டிஷ்யூ பேப்பர், நான்கு பயறு, மூடி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். வேர் வருவது உள்ளேயே தெரியும். மண் வேலை வேண்டும் என்றால் முதல் வாரம் நீளக் கைப்பிடிக் கரண்டி, பிறகு கையுறை, பிறகு காய்ந்த மணல் என்று போகலாம். அந்த வரிசையில் எந்தப் படியில் நிற்பது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். கடைசிவரை கரண்டிதான் என்றாலும் விதை விதைத்தவன் அவன்தான். மண்புழு உரத்தின் வாசனை, ஸ்பிரே பாட்டிலின் சத்தம் இவையும் தொந்தரவாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு அதே ஸ்பிரேதான் உயிர், நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பார்கள். பெற்றோரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

என்ன நடக்கப்போகிறது என்பதைப் படவரிசையாக முன்னதாகவே காட்டுங்கள்: டம்ளர், மண், விதை, தண்ணீர், கை கழுவுதல், முடிந்தது. "முடிந்தது" என்ற படம் கட்டாயம் இருக்க வேண்டும்.

கை நடுக்கம் உள்ள, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு?

முதலில் உட்காரும் நிலை. பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருந்தால்தான் கை நிலையாக வேலை செய்யும். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை) உள்ள பிள்ளைகளுக்கு எப்படி உட்கார வைப்பது என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு பொருள்கள். டம்ளருக்குக் கீழே ஈரத்துணியை மடித்து வைத்தால் நகராது. கரண்டிக் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி தடிக்கும், வழுக்காது. தண்ணீர் ஊற்றப் பூவாளி கனம். மூடியில் துளை போட்ட அரை லிட்டர் பாட்டில் போதும், அதையும் பிழிய முடியாவிட்டால் நனைத்த ஸ்பாஞ்சைச் செடிமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தலாம். கீரை விதை பொடியாக இருக்கிறதா? நம் விவசாயிகள் செய்வதுபோல மணலோடு கலந்து, மிளகுத்தூள் டப்பாவில் போட்டுத் தூவச் சொல்லுங்கள். நடுக்கம் இருக்கிற கைதான் இந்த வேலைக்குச் சரியான கை. விதை சீராக விழும்.

தோட்டத்துக்கு வந்தால், தரையில் பாத்தி கட்டிவிட்டு ஓரமாக நின்று பார்க்கச் சொல்லாதீர்கள். 60 முதல் 75 செ.மீ. உயர மேசையில் குரோ பேக்கை (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பையை) வையுங்கள். அடியில் முழங்கால் நுழைய இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் திரும்பி முதுகை வளைத்துத்தான் வேலை செய்ய வேண்டிவரும். வழி குறைந்தது 90 செ.மீ. அகலம், மணல் இல்லாமல் கெட்டியாக.

கையே அசையாத பிள்ளையும் சோதனை நடத்தலாம். இரண்டு டம்ளரைக் காட்டி "எதுக்குத் தண்ணி ஊத்தணும், எதை விட்டுடணும்?" என்று கேளுங்கள். கண்ணை எந்தப் பக்கம் திருப்புகிறதோ அதுதான் முடிவு. அந்த முடிவுப்படியே வகுப்பு செய்ய வேண்டும்.

ஒரு இடத்தில் உட்காரவே மாட்டாள். செடியைப் பிடுங்கிப் பார்த்துவிடுகிறாள்.

பிடுங்கிப் பார்ப்பது ஆர்வம்தான். அவளுக்கென்று "பிடுங்கும் டம்ளர்" ஒன்று கொடுத்துவிடுங்கள். தினம் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைக் காட்டி, நூலால் அளந்து சொல்வது அவள் வேலை. வகுப்புக்கும் வேரின் வளர்ச்சிக் கணக்கு கிடைக்கும். தண்ணீர் கொண்டுவருவது, எல்லா டம்ளரையும் சுற்றிப் பார்த்து எண்ணி வருவது போல நடந்து செய்கிற வேலைகளை அவளுக்கு ஒதுக்குங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?

எது புரிந்தால் போதும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். "தண்ணீர் ஊற்றியது வளர்ந்தது, ஊற்றாதது வளரவில்லை." இதைத் தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து, இரண்டில் எது எது என்று காட்டினால் அது முழுமையான அறிவியல். ஒரே சோதனையைப் பயறில் ஒரு வாரம், தட்டைப்பயறில் ஒரு வாரம், பூசணியில் ஒரு வாரம் என்று திரும்பச் செய்யுங்கள். மூன்றாவது முறை விதையைக் கையில் கொடுத்ததும் பிள்ளை தானாகத் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினால், பாடம் ஏறிவிட்டது. புகைப்படம் எடுத்தால் அந்தப் பிள்ளையின் டம்ளரையே எடுங்கள். புத்தகத்துப் படத்திலுள்ள செடியும் தன் செடியும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வது தனியான, கடினமான வேலை.

இருட்டில் வைத்த செடிதான் உயரமாக வளர்ந்திருக்கிறது. பிள்ளைகள் "இருட்டுதான் நல்லது" என்கிறார்கள். என்ன செய்ய?

சந்தோஷப்படுங்கள், அளந்ததை நம்பிப் பேசுகிறார்கள். விதைக்குள் இருக்கும் உணவை வைத்து, வெளிச்சத்தைத் தேடி செடி நீண்டுகொண்டே போகிறது. அதனால்தான் மெலிந்து, மஞ்சளாக, இலை சிறுத்து இருக்கிறது. உயரம் மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் செய்வோம். ஆகவே இரண்டாவது அளவு ஒன்று வேண்டும். தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துச் செடி விறைப்பாக இருக்கும், இருட்டுச் செடி சாய்ந்துவிடும். பார்வையற்ற பிள்ளையும் இதில் சமமாகச் சேர்ந்துகொள்ளும். இன்னும் ஒன்றிரண்டு வாரம் இருட்டிலேயே விட்டால், சேமிப்பு தீர்ந்து செடி சாயும். அப்போது பிள்ளைகளே தங்கள் முடிவைத் திருத்திக்கொள்வார்கள்.

விதை பரவுதலுக்கு எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஏதாவது உண்டா?

பட்டாசுக்காய் இருக்கிறதே! வேலியோரம், சாலையோரம் ஊதாப் பூவோடு வளரும் செடி. நன்றாகக் காய்ந்து பழுப்பேறிய காயைத் தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரம் சும்மா மிதக்கும், பிறகு "பட்"டென்று இரண்டாகப் பிளந்து விதையைத் தூக்கி எறியும். எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட அனுபவம் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இருக்கும். மழை வந்தால் விதை விழ வேண்டும் என்பது அந்தச் செடியின் ஏற்பாடு. விதை ஈரத்தில் பிசுபிசுத்து மண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விதை கண்ணில் தெறிக்கலாம். கண் தெரியாத பிள்ளை சத்தத்தை எண்ணும். காது கேளாத பிள்ளை, மூடிய பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் பிடித்தால் அதிர்வை உணரும். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைக்குக் காசித்தும்பை கொடுங்கள். முற்றிய காயை மெல்ல அழுத்தினால் சத்தமில்லாமல் சுருண்டு வெடிக்கும். எப்போது அழுத்துவது என்பதும் பிள்ளையின் கையில்.

எழுத வராத பிள்ளை எப்படிப் பதிவு செய்வது?

நூல் அட்டை, புகைப்படம், மொபைலில் குரல் பதிவு, முத்திரை குத்துதல், காய்ந்த நாற்றையே பசை போட்டு ஒட்டுதல் எல்லாமே பதிவுதான். எழுத்துத் திறனை அளக்க மொழிப் பாடவேளை இருக்கிறது.

எந்தச் செடிகளைத் தவிர்க்க வேண்டும்?

இதில் சமரசமே கூடாது. குன்றிமணி அழகாக இருக்கிறது என்று எண்ணும் மணியாகக் கொடுப்பார்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளும் விஷம். காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். அரளி, ஊமத்தை வேண்டாம். எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கண் பாதிக்கப்படும். உரக்கடை விதைகளில் மருந்து பூசி நிறம் ஏற்றியிருப்பார்கள். மளிகைக் கடைப் பயறே போதும்.

எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் இருந்தால் விதையை மூடிய கவருக்குள்ளேயே வைத்து நடத்துங்கள். தொட்டுப் பார்க்கப் புதினா, கற்பூரவல்லி, முருங்கை போன்ற, வீட்டில் உண்ணும் இலைகளைக் கொடுங்கள். மூக்கிலோ காதிலோ போட்ட பயறு ஈரத்தில் ஊறிப் பெருக்கும். தண்ணீர் ஊற்றி எடுக்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். தேங்காய் நார்க்கழிவைக் காய்ந்தபடி கொட்டினால் தூசி பறக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளை வருவதற்கு முன்பே நனைத்துவிடுங்கள். பஞ்சில் முளைத்த பயறைப் பச்சையாகத் தின்னக் கொடுக்க வேண்டாம்.

துணைக்கு வரும் அம்மாவே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

அக்கறையில்தான் செய்கிறார், அதனால் பக்குவமாகச் சொல்லுங்கள். "அக்கா, நீங்க டம்ளரைப் பிடிச்சுக்கோங்க, விதையை அவன் போடட்டும்" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதும். விதை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, மாற்றத்தைக் கண்டு சொல்வது மூன்றும் பிள்ளையின் வேலை. பிடிப்பது, சாயாமல் தாங்குவது, துடைப்பது பெரியவர்களின் வேலை. விதை கீழே விழட்டும். இன்னொன்று கொடுங்கள். ஒரு விதை போட ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள்.

செடி செத்துப்போனால் பிள்ளை அழுகிறது.

ஒரு பிள்ளைக்கு ஒரு விதை என்று போடாதீர்கள். டம்ளருக்கு நான்கு போட்டால் ஒன்றாவது நிற்கும். செத்ததை ரகசியமாக மாற்றி வைக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். வேரை எடுத்துப் பார்த்து, அழுகியதா, காய்ந்ததா என்று சேர்ந்து தேடுங்கள்.

பள்ளிக்கு வர முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளையை இதில் எப்படிச் சேர்ப்பது?

வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் செடிப் பாடம் மிகவும் பொருந்தும், ஏனென்றால் செடி கட்டிலருகே வந்துவிடும். வகுப்பில் விதைக்கும் அதே நாளில், அதே பயறை வீட்டிலும் விதைக்கச் சொல்லுங்கள். படுத்தபடியே கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், ஜன்னல் கம்பியில் டம்ளரைக் கட்டலாம். தினமும் வெட்டிய நூலை ஒரு கவரில் போட்டு, வெள்ளிக்கிழமை அண்ணனோ தங்கையோ பள்ளிக்குக் கொண்டுவரட்டும். வகுப்பு அட்டையில் அந்த நூலுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். வீட்டுச் செடியும் பள்ளிச் செடியும் ஒரே உயரம் இருக்காது. ஏன் என்ற கேள்வியை எழுதியோ குரல்பதிவாகவோ அந்தப் பிள்ளைக்கு அனுப்புங்கள். ஜன்னல் எந்தத் திசை, வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பதில் அங்கிருந்துதான் வர வேண்டும்.